தெரியலை மேடம்

மருத்துவக் கல்லூரியில் இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஒரு மாணவன் கையில் ஹியூமரஸ் என்ற மேற்கை எலும்பைக் கொடுத்து, "இது நடுவில் உடைந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் பின்பக்கத்துப் பள்ளத்தில் விரலை ஓட்டி, "இந்த வழியாத்தான் ரேடியல் நரம்பு போகுது மேடம். அது அடிபட்டா மணிக்கட்டு தொங்கிடும், தூக்க முடியாது" என்றான்.

"இங்கிலீஷில் சொல்லு."

எலும்பைப் பார்த்தான். "தெரியலை மேடம்."

பத்துக்கு நாலு போட்டேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பையன். யுனிவர்சிட்டி பரீட்சைக்கு வரும் எக்ஸாமினர் தமிழில் கேட்கமாட்டார், இப்போதே பழகட்டும் என்று நினைத்தேன். அது இன்றைக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் ஏழு போட்டுவிட்டும் அதைச் சொல்லியிருக்கலாமே.

சாமுவேல் கிரீனைப் பற்றி அதற்கப்புறம்தான் படித்தேன். அனாடமி என்கிற உடற்கூறியல் நடத்தும் எனக்கே அந்தப் பெயர் தெரியாமல் இருந்தது வெட்கம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர். மதம் பரப்ப வந்தவர்தான், அது வேறு கதை. அங்கே மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க வேலை தேடிக் கிளம்பிவிட, 1864 வாக்கில் தமிழுக்கு மாறினார். அவரும் மாணவர்களுமாகக் கிரேயின் அனாடமி என்ற பெரிய ஆங்கிலப் பாடநூல்வரை தமிழில் கொண்டுவந்தார்கள். அப்படியென்றால் என் மாணவன் சொன்ன பதிலுக்கு நூற்றைம்பது வருட முன்னோடி இருந்திருக்கிறது. நாலு மார்க் போட்டவளுக்குத்தான் அது தெரியவில்லை.

இருந்தாலும் கிரீனோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. தமிழில் படித்தால் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாமா? இவன் பிஜி என்கிற மேற்படிப்பு படித்து எங்கு வேண்டுமானாலும் போகட்டும் என்றுதானே நான் அதட்டினேன்? இப்படிச் சொல்லும்போது கொஞ்சம் நிம்மதி. அப்புறம் அந்த "தெரியலை" ஞாபகம் வந்துவிடுகிறது. தெரிந்ததைத் தெரியவில்லை என்று சொல்ல வைத்தது நான்தான்.

இப்போது அவன் ஹவுஸ் சர்ஜன், பயிற்சி மருத்துவர். போன மாதம் வியாசர்பாடியில் ஒரு முகாம். கை தொங்கிப்போன மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரிடம், "ரேடியல் நெர்வ் பால்ஸி, ரிஸ்ட் டிராப்" என்று சரளமாகச் சொன்னான். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. பெரியவர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்லுது தம்பி?" என்றார்.

அன்று அவன் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஞாபகம் வந்ததா என்று நான் கேட்கவில்லை.