"ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல சார்"

"ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு." புது கார் வாங்கி, அது நடுவழியில் நின்று, டீலரின் சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன், பல தடவை. (ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் கருவி.) எங்கள் வண்டி டர்போ எல்லாம் இல்லாத சாதாரண பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக் கியர். கம்பெனி பேரும் டீலர் பேரும் இங்கே வேண்டாம். யார் யாரோ எந்தெந்த ஷோரூமிலோ வாங்கிவிட்டு என்னிடம் சொன்ன கதைகள் எல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தோம். சித்திரை வெயில். திருமாந்துறை டோல் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் வண்டி இழுக்கவில்லை, மிதித்தால் ஒரு உதறல், அப்புறம் இன்ஜினே அணைந்துவிட்டது. இன்ஜின் அணைந்தபிறகு பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்யூம் ஒன்றிரண்டு மிதி வரைக்கும்தான் தாங்கும், அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பின்னால் ஒரு ஆம்னி பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வர, எப்படியோ ஓரம் கட்டி ஹசார்ட் விளக்கைப் போட்டேன். பின் சீட்டிலிருந்து அப்பா, "ஏம்ப்பா, புது வண்டிதானே இது?" என்றார். அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் அதே உதறல், அதே நிற்பு.

இந்த இடத்தில் உபயோகமான இரண்டு விஷயங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு போன் செய்யுங்கள், பக்கத்து டோலில் இருக்கும் ரோந்து வண்டியோ கிரேனோ வரும், குறைந்தபட்சம் பின்னால் கூம்பு வைத்து உங்களைப் பாதுகாப்பான இடத்துக்காவது தள்ளிவிடுவார்கள். இன்னொன்று, கம்பெனியின் ரோட்சைடு அசிஸ்டன்ஸில் பேசும்போது வண்டி ஆட்டோமேட்டிக் என்று முதலிலேயே சொல்லி, மேலே ஏற்றிக்கொண்டு போகிற ஃப்ளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று கேளுங்கள். இன்ஜின் அணைந்த ஆட்டோமேட்டிக் காரை, இன்ஜின் சுற்றுகிற சக்கரம் தரையில் உருள உருள இழுத்துக்கொண்டு போனால் கியர்பாக்ஸுக்கு ஆயில் ஓடாது, அது தனியாகப் பழுதாகும், அப்புறம் அதற்கு யார் பொறுப்பு என்று இன்னொரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

சரி, எங்கள் வண்டியை ரோட்சைடு அசிஸ்டன்ஸ்தான் இழுத்து வந்து சர்வீஸ் சென்டரில் விட்டது. மறுநாள் காலையில் போனால் ஏசி ஹால், காபி மெஷின், கையில் டேப்லெட்டோடு சர்வீஸ் அட்வைசர். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். நான் நடந்ததை எல்லாம் விலாவாரியாகச் சொல்லி முடிக்க, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே டேப்லெட்டில் ஏதோ தட்டிவிட்டு, "சைன் மட்டும் போடுங்க சார்" என்றான். வாங்கிப் பார்த்தால் ஜாப் கார்டில், அதாவது வண்டியில் என்ன வேலை என்று எழுதும் சீட்டில், வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் "ஜெனரல் செக்கப், பிக்கப் குறைவு" என்று மட்டும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது இன்ஜின் அணைந்த கார், ஜாப் கார்டில் பிக்கப் குறைந்த காராக மாறிவிட்டது!

இந்தப் பதிவே இதைச் சொல்லத்தான். டீலரிடம் வாயால் பேசியதற்கு எந்த மதிப்பும் இல்லை. நாளைக்குக் கம்பெனி ஆள் வந்தாலும், வக்கீல் வந்தாலும், நுகர்வோர் ஆணையம் வந்தாலும், அவர்கள் பார்க்கப்போவது அந்த ஜாப் கார்டைத்தான். "தம்பி, நான் சொன்னபடியே எழுதுப்பா" என்று உட்கார்ந்துவிட்டேன். 'வெயிலில் தொடர்ந்து ஓட்டிய பிறகு, ஓடும்போதே உதறி இன்ஜின் அணைகிறது. அரை மணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. டேங்க் கால் பாகம் இருந்தபோது நடந்தது. இழுத்து வரப்பட்ட வண்டி'. கிலோமீட்டர், தேதி, இழுத்து வந்த ரசீது எண் உட்பட. "சிஸ்டத்துல இவ்ளோ பெருசா டைப் பண்ண முடியாது சார்" என்றான். சரி, பிரிண்ட் எடு, நான் பேனாவால் எழுதுகிறேன், நீ கையெழுத்துப் போட்டு சீல் வை என்றேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டத்தில் இடம் கிடைத்துவிட்டது.

அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தால் அந்தப் பையன்மீது கோபம்கூட வராது. வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் டீலர் அந்தக் காசைக் கம்பெனியிடம் கிளெய்ம் செய்து வாங்க வேண்டும். ஏன் மாற்றினாய், எந்த ஃபால்ட் கோட் (காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்) வந்தது, பழைய பாகம் எங்கே என்று கம்பெனி கேட்கும், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கிளெய்மைத் தள்ளிவிடும், நஷ்டம் டீலர் தலையில். அதனால் கோட் இல்லாமல் பாகத்தில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் ஸ்கேனர் என்ன காட்டும்? எங்கே சென்சார் இருக்கிறதோ அங்கே நடந்ததை மட்டும் காட்டும். எங்கள் மாதிரி சாதாரண பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்க சென்சாரே கிடையாது. டேங்கில் இருக்கும் பம்ப் சூடேறித் திணறினால் இன்ஜின் அணையும், ஆனால் கம்ப்யூட்டரில் கோட் பதிவாகாமல் போகலாம். இதை எனக்குச் சொன்னது அந்த ஏசி ஹாலில் இருந்த யாரும் இல்லை, அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இன்னொன்று, ஸ்கேன் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஃபால்ட் கோடுகளை அழிப்பதற்கு முன் திரையை போட்டோ எடுங்கள். பேட்டரி கம்பியைக் கழற்றினாலே பல கார்களில் பழைய பதிவுகள் போய்விடும்.

அடுத்து வந்தது பெட்ரோல் கதை. ஒரு பாட்டிலைக் காட்டி, "தண்ணி கலந்த பெட்ரோல் சார், வாரண்டில வராது, டேங்க் க்ளீனிங் சார்ஜ் ஆகும்" என்றார்கள். இதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான். ஆனால் அப்படி நடந்திருந்தால் பாட்டிலில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தாலே அடியில் தனி அடுக்காகத் தெரிய வேண்டும். அவர்கள் காட்டிய பாட்டிலில் அப்படி எந்த அடுக்கும் இல்லை. அதோடு, அடியில் தண்ணீர் தங்கிய வண்டி அரை மணி நேரம் ஆறியதும் எப்படிச் சமர்த்தாக ஓடும்? பங்க் பில்லை எடுத்து வைத்தேன். என் முன்னால் டேங்கிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து, இரண்டுக்கும் சீல் வைத்து, ஒன்றை என்னிடம் கொடுங்கள், லேபுக்கு அனுப்பி அறிக்கை வாங்குவோம், தண்ணீர் என்று வந்தால் காசு கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுத்தேன். அதற்கப்புறம் தண்ணீர்ப் பேச்சு அடங்கிவிட்டது.

அப்புறமும் ஏதோ 'சாஃப்ட்வேர் அப்டேட்' போட்டுக் கொடுத்தார்கள், வண்டி மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் புது ஜாப் கார்டு, ஒவ்வொரு தடவையும் என்ன செய்தார்கள் என்ற பில். வாரண்டியில் ஒரு பைசா வாங்காவிட்டாலும் பூஜ்ய ரூபாய் பில் கேட்டு வாங்குங்கள், அதில் செய்த வேலையும் மாற்றிய பாகமும் இருக்க வேண்டும். "ஃப்ரீதான சார், எதுக்கு பில்லு?" என்பார்கள். ஃப்ரீ என்பதால்தான் வேண்டும். ஒரே கோளாறுக்கு வண்டி திரும்பத் திரும்ப வந்தது என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் உங்களிடம் இருக்காது.

கடைசியில் வேலை நடந்தது ஒர்க் ஷாப்புக்குள் இருந்த ஒரு சீனியர் டெக்னீஷியனால். நாங்கள் அண்ணே என்று கூப்பிட்டுப் பேச, அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே எத்தனை மணிக்கு நிற்கிறது, டேங்கில் எவ்வளவு இருந்தது, ஏசி ஓடியதா என்று கேட்டார். இந்தக் கேள்விகளை அதுவரை யாரும் கேட்கவே இல்லை. காலையில் எட்டு மணிக்கு ஆபீஸைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு "டிரையல் பார்த்தாச்சு" என்றால் இது எப்படி மாட்டும் என்று அவரே சொன்னார். பம்ப்பைக் குளிர வைப்பதே டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான், பெட்ரோல் குறையக் குறைய சூடு ஏறும் என்றும் விளக்கினார். பெட்ரோல் லைனில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, கேஜை வைப்பருக்குக் கீழே கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி டேப் போட்டு ஒட்டி, பகல் ஒரு மணிக்கு மதுரை ரோட்டில் விராலிமலை பக்கம் கிளம்பினோம். முள் மூன்றரை 'பார்' (அழுத்தத்தின் அளவு) காட்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. திரும்பி வரும்போது மூன்று, இரண்டரை என்று மெதுவாக இறங்கி, இரண்டுக்குக் கீழே போனதும் அதே உதறல், வண்டி நின்றது. அவர் சிரித்துவிட்டு, "போன எடுங்க சார், வீடியோ எடுத்துக்கங்க" என்றார். கேஜ், ஓடோமீட்டர், மணி மூன்றும் தெரிகிற மாதிரி எடுத்தேன். அந்த வீடியோ போன பிறகு கிளெய்ம் அனுமதிக்கு ஒரு தடையும் வரவில்லை.

அதனால் அட்வைசரோடு மல்லுக்கட்டாதீர்கள். நான் கூட வருகிறேன், டெக்னீஷியனை அனுப்புங்கள், கோளாறு வரும் நேரத்தில் வரும் ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம் என்று கேளுங்கள், அதையும் எழுதிக் கேளுங்கள்.

பெட்ரோல் பம்ப் கோளாறு ஒன்றும் அதிசயம் இல்லை. 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களையும், 2024-ல் ஹோண்டா 90,468 கார்களையும் பம்ப்பைப் பார்க்கத் திரும்ப அழைத்தார்கள் (எங்கள் வண்டி இந்த இரண்டு கம்பெனியும் இல்லை, சும்மா யூகிக்க வேண்டாம்). சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து, ஒரே மாடலில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார் சேர்ந்தால் ரீகால் செய்யச் சொல்லி அரசே உத்தரவு போட சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், புகார் எப்படிச் சேரும்?

டீலர் மசியவில்லை என்றால் கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கி, ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் கம்பெனி ஆள், டீலர் ஆள் இல்லை, அவர் வருகிறார் என்றாலே ஒர்க் ஷாப்பில் சுறுசுறுப்பு வந்துவிடும். அதிலும் ஆகாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கார் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான், 10 முதல் 20 லட்சம் வரையான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் வழக்குப் போட்டால் புது கார் கொடுத்துவிடுவார்கள் என்று கனவு காணாதீர்கள். அமெரிக்க மாநிலங்களில் இருக்கும் 'லெமன் லா' மாதிரி, இத்தனை தடவை ரிப்பேர் செய்தும் சரியாகாவிட்டால் வண்டியையே திரும்ப எடுத்துக்கொள் என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே கிடையாது. வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதுதான் பொறுப்பு, அதற்காகக் காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. உற்பத்திக் கோளாறு என்று நிபுணர் அறிக்கை இருந்தால் கதை வேறு. ஆனால் காலம் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள்: ஹைதராபாத்தில் 2009-ல் வாங்கிய ஒரு பிஎம்டபிள்யூ காருக்கு, ஏமாற்றிவிட்டார்கள் என்று போன கிரிமினல் வழக்கில், 50 லட்சம் இழப்பீடு கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில். பிஎம்டபிள்யூ வாங்குகிறவருக்கே பதினைந்து வருடம் என்றால் இஎம்ஐ கட்டுகிற நாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சட்டம் கையில் இருக்கட்டும், ஆனால் அதை நம்பி வண்டியை விட்டுவைக்க முடியாது.

எங்களுக்குப் பம்ப் ஸ்டாக் இல்லை என்று சொல்லி ஆர்டர் போட்டு, அது வந்து சேர்வதற்குள் ஒரு வழியாகிவிட்டோம். மாற்று வண்டி தருவீர்களா என்று கேட்டதற்கு அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார்கள். வண்டி அங்கே நின்ற நாட்களுக்கு வாரண்டியும் நீளாது, புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இஎம்ஐ மட்டும் ஐந்தாம் தேதி டாண் என்று போனது.

பம்ப் மாற்றியதும் முதல் ஆளாக அந்த அட்வைசர் பையன் போன் செய்து, "சார், சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு கேட்டு கம்பெனிலேர்ந்து கால் வரும், பத்துக்குப் பத்து குடுத்துருங்க சார், ஒன்பது குடுத்தாலும் எங்களுக்கு இன்சென்டிவ் போயிரும்" என்றான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நம் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தக் கால்தான், வேலை எல்லாம் முடியும்வரை அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ரோட்சைடு அசிஸ்டன்ஸில் இழுத்து வருவது 50 கிலோமீட்டர் வரைதான் இலவசமாம், மீதி தூரத்துக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். உற்பத்திக் கோளாறால் நின்ற வண்டிக்கு அதையும் கம்பெனிதான் தர வேண்டும் என்று பில், ஜாப் கார்டு, வீடியோ எல்லாம் சேர்த்து மெயில் போட்டிருக்கிறேன். அந்தக் காசு கணக்கில் ஏறட்டும் தம்பி, பத்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.