சாக்கெட் கணக்கு இடிக்கிறது

ஜூன் 3

எங்கள் மாட்யூல் (லினக்ஸின் மைய நிரலான கெர்னலோடு நாங்கள் இணைக்கும் நிரல்) ஓடும் சோதனை சர்வர் மறுபடி முரண்டு பிடிக்கிறது. டிசிபி (தரவை வரிசை தவறாமல் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் நெறிமுறை) இணைப்புகள் ஊர்கின்றன. லாகில் டிசிபிக்கு நினைவகம் தீர்ந்தது, வரம்பை மாற்றிப் பார் என்ற வழக்கமான புலம்பல். இயந்திரத்திலோ பாதிக்கு மேல் நினைவகம் சும்மா கிடக்கிறது. வரம்பை உயர்த்திவிடலாம் என்கிறார் சக ஊழியர். உயர்த்தலாம்தான், இன்று விழுவது அடுத்த வாரம் விழும்.

ஜூன் 4

இணைப்புகளை எல்லாம் மூடிவிட்டு, சாக்கெட்டுகளின் (இணைப்புக்காக நிரல் திறக்கும் முனைகள்) கணக்கைக் கெர்னல் காட்டும் சாக்ஸ்டாட் கோப்பைத் திறந்தேன். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சாக்கெட்டுகள். ஆனாலும் டிசிபி பிடித்திருக்கும் நினைவகத்தைச் சொல்லும் ‘மெம்’ எண் இறங்க மறுக்கிறது. அது பைட் அல்ல, 4,096 பைட் பக்கங்களின் (கெர்னல் நினைவகத்தைப் பங்கிடும் துண்டுகள்) எண்ணிக்கை. நினைவகம் திரும்பி வந்துவிட்டது. பேரேட்டில் மட்டும் கடன் நிற்கிறது. பாக்கெட்டுகளே கசிந்திருந்தால், கசிவு தேடும் கெர்னல் கருவியான கேமெம்லீக் அநேகமாகக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஜூன் 6

பழைய லாகில் ஒரே ஓர் எச்சரிக்கை கிடைத்தது: சாக்கெட்டை அழிக்கும்போது பெறுதல் கணக்கு (வந்த பாக்கெட்டுகளுக்காக அதன் பேரில் எழுதிய நினைவகம்) பூஜ்யமாக இல்லையாம். ஒருமுறை கத்திவிட்டு அடுத்த பூட் வரை வாய் திறக்காத ரகம். இப்படி எழுதியவர்களை என்ன சொல்வது!

ஜூன் 7

பிடிபட்டது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ‘ட்ரூசைஸ்’ உண்டு: தரவின் நீளம் அல்ல, பாக்கெட் உண்மையில் பிடித்திருக்கும் இடம். 100 பைட் செய்திக்கு டிரைவர் முழுப் பக்கம் கொடுத்திருந்தால், அந்தப் பக்கமும் சேரும். எங்கள் மாட்யூல் பாக்கெட்டைச் சாக்கெட்டின் பேரில் பற்று எழுதும்போது ட்ரூசைஸ் 4,864. அதன்பின் செய்தியைப் பாக்கெட்டின் சிறிய தலைப்பகுதிக்கு நகலெடுத்து, பக்கத்தை விடுவித்து, ட்ரூசைஸை 768 என்று திருத்துகிறது. பாக்கெட்டை விடுவிக்கும் ஃபங்ஷன் அந்த நேரத்து ட்ரூசைஸைத்தான் கழிக்கும். முதலில் எழுதிய தொகை அதற்குத் தெரியாது. வித்தியாசம் அச்சாக 4,096. பாக்கெட்டுக்கு ஒரு பக்கம்! ட்ரூசைஸில் கைவைப்பது பொதுவாகப் பாதுகாப்பல்ல என்று கெர்னல் நிரலிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஜூன் 9

சுருக்கும் வேலையைப் பற்று எழுதுவதற்கு முன்னால் நகர்த்தினேன். வித்தியாசத்தைப் பின்னால் ஈடுகட்டும் யோசனையும் வந்தது. அந்த இடத்தில் சாக்கெட் பூட்டு (ஒரே கணக்கை இருவர் ஒரே நேரத்தில் திருத்தாமல் காப்பது) கையில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

ஜூன் 10

இரவெல்லாம் சுமை கொடுத்தும் மெம் நிலையாக நிற்கிறது. இணைப்புகளை மூடினால் இறங்கவும் செய்கிறது. துல்லியமாகப் பூஜ்யத்தை எதிர்பார்க்க முடியாது: 2022க்குப் பிந்தைய கெர்னல்களில் ஒவ்வொரு சிபியூவும் 1 எம்பி வரை கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வரிசை ஏன் முக்கியம் என்று நிரலில் ஒரு கமெண்ட் சேர்க்கச் சொன்னார் பேட்சை (இந்தத் திருத்தத்தை) பார்த்தவர். சேர்த்து அனுப்பிவிட்டேன்.