சின்னம்மாவின் சப்பாத்துகள்

அம்மாவின் கடைசித் தங்கையான என் சின்னம்மா 1959 இல் பிறந்தவர். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இறங்கியபோது இடது கால் இயங்காமற் போயிருந்தது. இலங்கையில் போலியோ பெருமளவில் பரவிய 1962 ஆம் ஆண்டு அது. சொட்டு மருந்து நாட்டுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவருக்குத்தான் முடக்கம் வரும் என்று பின்னாளில் வாசித்துச் சொன்னேன். “லொத்தரிலே எனக்கு விழுந்த ஒரே பரிசு” என்று சிரித்தார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் கைமெசினில் தைத்த தையற்காரி அவர் ஒருவரே. வலது கையால் சக்கரத்தின் பிடியைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் மட்டும் துணியை ஓடவிடுவார். கழுத்து வளைவு வந்ததும் சுற்றுவதை நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே குத்தி நிற்கவைத்து, துணியைச் சற்றுத் திருப்பி, மறுபடி இரண்டு தையல் மாத்திரம் ஓட்டுவார். பாடசாலைச் சட்டையொன்றுக்கு மற்றவர்களைவிட அரைமணி நேரம் கூடுதலாக எடுக்கும். ஆனால் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்ததை நான் கண்டதில்லை. புதிதாக வருகிற பெண்கள் ‘பாவம்’ என்று தொடங்கினால் அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிடுவார். அவர்களுடைய துணி அந்தக் கிழமை முடியாது.

1983 யூலைக் கலவரத்தின்போது, பின்வளவிலிருந்த ஒரு சிங்களக் குடும்பம் எங்கள் வீட்டாரை இரண்டு இரவுகள் தங்கள் அறையில் ஒளித்து வைத்திருந்தது. காலைத் தாங்கக் கட்டியிருந்த காலிப்பரின் இரும்பு சீமெந்துத் தரையில் படும் ஓசை வெளியே கேட்டுவிடும் என்று, சின்னம்மாவே அதைக் கழற்றிப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கொடுத்தாராம். கழிப்பறைக்கும் அம்மாதான் தூக்கிக்கொண்டு போனார். அந்த வீட்டாரைப் பற்றிச் சின்னம்மா எவ்வளவோ பேசியிருக்கிறார். தூக்கப்பட்டதைப் பற்றி ஒருமுறையும் பேசவில்லை. அம்மா சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்துவிட்டன. அதன் பிறகும், தேர்தலன்று வாக்களிப்பு நிலையத்தின் ஐந்து படிகளிலும் அவரைக் கதிரையோடு தூக்கித்தான் ஏற்றினோம். அன்று வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது, நல்ல காலாக இருந்த வலது காலும் தளரத் தொடங்கியது. காட்டப் போன இடத்தில், வயது போகிறது, கூடுதலாக நடவுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் பிடிவாதமாக நடந்தார். நடக்க நடக்க இன்னும் தளர்ந்தார். போலியோ வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அத்தனை காலமும் மிகையாக உழைத்த நரம்புக் கலங்கள் களைத்துப் புதிதாகப் பலவீனம் தோன்றுவதுண்டு என்பதும், அதற்கு ஓய்வும் அளவான அசைவுமே உகந்தவை என்பதும் எங்களுக்கு இரண்டு வருடம் பிந்தித்தான் தெரியவந்தது. அந்த இரண்டு வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவருக்கு வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

போலியோ தாக்கிய கால் மற்றக் காலின் அளவுக்கு வளராது. அவருடைய வலது பாதத்துக்கு 5 ஆம் அளவு, இடதுக்கு 3 ஆம் அளவு. ஒற்றைச் சப்பாத்தைக் கடைக்காரர் விற்கமாட்டார் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு சோடி வாங்கி, மீந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு அலுமாரியின் மேல் வைப்பார். எதற்கு இந்தக் குப்பை என்று சிறுவயதில் கேட்டேன்.

“எனக்கு இடது கால். வலது கால் சூம்பின ஒருத்தி எங்கேயாவது இருப்பாள்தானே பிள்ளை, அவளுக்கு அளவாயிருக்கும்” என்றார்.

ஆட்டைத் திவசம் முடிந்து அறையை ஒதுக்கியபோது 14 பெட்டிகள் இருந்தன. வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மழைக்காலத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து வெயிலில் வைக்கிறேன்.