லாக்ஹார்ட் ரோட்டிலிருந்து தைபேயின் பத்தாவது மாடிக்கு

தைவானின் தலைநகரான தைபேயின் மெட்ரோவில் சிவப்புத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கிற நிலையம் ஜோங்ஷான். அங்கிருந்து அடுத்த நிலையம் வரை போகிற சுரங்க நடைபாதையில் எஸ்லைட் நிறுவனத்தின் நீளமான புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. புத்தகப் பைத்தியம் உள்ள யாரும் அதைத் தாண்டி வெளியே வருவது கஷ்டம். நான் வேகமாகத் தாண்டி வந்தேன். மேலே நான்ஜிங் மேற்குச் சாலையில், பத்தாவது மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கடைதான் என் இலக்கு: காஸ்வே பே புக்ஸ்.

இந்தக் கடையை நான் முதலில் பார்த்தது ஹாங்காங்கில், 2014இல். காஸ்வே பே பகுதியின் லாக்ஹார்ட் ரோட்டில் ஒரு குறுகலான படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும். ஹாங்காங்கில் தரைத்தளத்து வாடகை சின்னப் புத்தகக் கடைகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவை மாடிக்குப் போய்விடும். மாடிப் புத்தகக் கடை என்பது அந்த ஊரில் ஒரு மரபு. கீழே தெருவில் மருந்துக் கடைகளும் பால்பவுடர் டப்பாக்களும். சீனப் பெருநிலத்திலிருந்து, அதாவது ஹாங்காங்குக்கு எல்லை தாண்டியுள்ள சீனாவிலிருந்து, வரும் பயணிகள் ஊரில் நம்பி வாங்க முடியாத பால்பவுடரைக் கீழே வாங்குவார்கள், தடை இருப்பதால் ஊரில் வாங்கவே முடியாத புத்தகங்களை மாடியில் வாங்குவார்கள்.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் உயர்ந்த ரகம் என்று சொல்ல மாட்டேன். பெய்ஜிங் தலைவர்களின் அந்தரங்கம், கட்சிக்குள் நடக்கும் குத்துவெட்டு என்று கிசுகிசு மணக்கும் புத்தகங்களே நிறைய. எது குப்பை, எது நல்லது என்பதை வாசிக்கிறவர் முடிவு செய்யட்டும் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கடையைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

அடுத்த ஆண்டு நடந்தது உலகத்துக்கே தெரியும். 2015 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடையோடும் அதை வாங்கியிருந்த பதிப்பகத்தோடும் தொடர்புள்ள ஐந்து பேர் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சுவீடன் குடிமகனான குய் மின்ஹாய் தாய்லாந்தின் பட்டாயாவிலிருந்து மறைந்தார். லீ போ ஹாங்காங்குக்குள்ளேயே மறைந்தார். கடையை 1994இல் தொடங்கிய லாம் விங்-கீயைச் சீன அதிகாரிகள் ஷென்சென் எல்லையில் பிடித்தார்கள்.

லாமை ரயிலில் நிங்போ நகரத்துக்குக் கொண்டுபோய் ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். இரவும் பகலும் காவல். விழுங்கிவிடக் கூடாது என்று பல்துலக்கும் பிரஷ்ஷைக் கூட ஒரு கயிற்றில் கட்டி, மறுமுனையைக் காவலர் பிடித்துக்கொண்டிருப்பாராம். 2016 ஜூனில் அவரை ஹாங்காங்குக்கு அனுப்பினார்கள், ஒரு நிபந்தனையோடு. கடையின் வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். யார் எந்தப் புத்தகத்தை வாங்கினார்கள், எந்த முகவரிக்குத் தபாலில் போனது, எல்லாம் அதில் இருந்தது. பெரும்பாலும் பெருநிலத்து வாசகர்கள்.

திரும்பிப் போகும் வழியில் லாம் ஹாங்காங்கின் கவ்லூன் டோங் ரயில் நிலையத்தில் இறங்கி மூன்று சிகரெட் பிடித்தார். பிறகு எல்லைக்குப் போகவில்லை. அன்றே, ஜூன் 16ஆம் தேதி, பத்திரிகையாளர்களைக் கூட்டி நடந்ததையெல்லாம் சொன்னார்.

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். நாம் புத்தகக் கடையில் என்ன வாங்கினோம் என்பது நமக்கும் கடைக்காரருக்கும் இடையே உள்ள விஷயம். அதை யாரும் எழுதி வைத்து ஒப்பந்தம் போடுவதில்லை. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான வாசகர்களுக்காக அதைக் காப்பாற்றிய ஒருவரின் கடை எங்கே திறந்தாலும் ஒருமுறை போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

அந்தக் கடையைத் திறப்பதும் எளிதாக நடக்கவில்லை. சந்தேக நபர்களைச் சீனாவுக்கு அனுப்ப வழி செய்யும் மசோதாவை ஹாங்காங் அரசு கொண்டுவந்தபோது, 2019 ஏப்ரல் 25 அன்று லாம் தைவானுக்குப் புறப்பட்டார். புதுக் கடைக்காக இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டார். 28 லட்சம் தைவான் டாலர், அதாவது நம் கணக்கில் 60 லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரே நாளுக்குள் சேர்ந்துவிட்டது. முடிவில் சேர்ந்தது அதைப்போல் இரண்டு மடங்கு. அப்புறம், அதே பெயரில் வேறு யாரோ நிறுவனம் பதிவு செய்துகொண்டு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார்கள். திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு தைபேயில் அவர்மேல் சிவப்புப் பெயின்ட்டை ஊற்றினார்கள். அவர் அசரவில்லை. ஊரை விட்டு வந்து சரியாக ஒரு வருடம், 2020 ஏப்ரல் 25 அன்று, கடை திறந்தது. அடுத்த மாதமே தைவான் அதிபர் சாய் இங்-வென் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான் போனது 2023 மே மாதத்தில், ஒரு புழுக்கமான பிற்பகலில். சாதாரண அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவு திறந்ததும் ஒரு நிமிடம் தயங்கி நின்றேன், பிறகு உள்ளே போனேன். ஒரே அறை. சுவரெல்லாம் அலமாரி, நடுவில் மேசைகளில் புத்தகங்கள். ஹாங்காங் போராட்டத்தின் பதாகையும், வந்துபோனவர்கள் எழுதி ஒட்டிய வண்ணக் குறிப்புச் சீட்டுகளும் கண்ணில் பட்டன. கடை திறந்த புதிதில் அவர் இங்கேயே ஈரடுக்குக் கட்டில் போட்டுத் தூங்கினார் என்று படித்திருக்கிறேன்.

லாம் தன் மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். தலையசைத்தேன், தலையசைத்தார். அவரிடம் கேட்க எனக்கு ஆயிரம் கேள்விகள் இருந்தன, ஒன்றையும் கேட்கவில்லை. எத்தனையோ பேரிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார். அவரைக் கடைக்காரராக இருக்க விடுவதுதான் மரியாதை என்று பட்டது.

எனக்குச் சீனம் படிக்க வராது. அங்கே புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த, ஆங்கிலம் பேசும் ஒரு கல்லூரி மாணவி உதவிக்கு வந்தாள். இது ஹாங்காங் வரலாறு, இது திபெத், இது சிஞ்சியாங், இந்த வரிசை முழுக்கத் தத்துவமும் இலக்கியமும் என்று அலமாரி அலமாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். லாக்ஹார்ட் ரோட்டில் பார்த்த கிசுகிசுப் புத்தகங்கள் இங்கே குறைவு. தனக்கும் சொந்த ஊர் ஹாங்காங்தான் என்றாள். "ஊர் ஞாபகம் வந்தால் இங்கே வருவேன். இங்கே எங்கள் ஊர்ப் பேச்சான கான்டனீஸ் பேசலாம்" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். மூலையில் இரண்டு முதியவர்கள் கான்டனீஸில் சத்தமாக எதையோ விவாதித்துக்கொண்டிருந்தார்கள், லாமும் தலையைத் தூக்காமலே நடுநடுவே ஒரு வார்த்தை போட்டார். எனக்குப் பழைய கடையின் படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. பழைய ஹாங்காங் தெருக்களின் புகைப்படங்கள் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்துக் காசு கொடுத்தேன். ரசீதில் பெயர் எழுதச் சொல்லவில்லை.

குய் மின்ஹாய்க்கு 2020 பிப்ரவரியில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். கடையின் ஐவரில் அவர் ஒருவர் இன்னும் உள்ளே இருக்கும்போது, திறந்த கடையைப் பார்த்து முழு மனதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. சந்தோஷம் இல்லாமலும் இல்லை. ஹாங்காங் பத்திரிகையாளர் ஒருவர் 2022இல் தைபேயின் ஷிமென் பகுதியில் இன்னொரு புத்தகக் கடை திறந்திருக்கிறார். மறுநாள் அங்கேயும் போனேன். அது இளைஞர்களின் இடம், கூட்டமும் அதிகம்.

தைபே பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தப் பத்தாவது மாடிக்குப் போங்கள். சீனம் தெரியாவிட்டாலும் ஒரு புத்தகமாவது வாங்குங்கள். திறக்கத்தான் நன்கொடை சேர்ந்தது, மாதா மாதம் வாடகை கட்டுவது புத்தகம் விற்றுத்தான்.