டிஸ்டோபியாவில் 'இல்லை' கிடையாது

டிஸ்டோபியா (கதைகளில் வரும் கெட்டுப்போன கற்பனைச் சமூகம்) என்றால் இடிந்த கட்டடங்கள், புழுதி, முகமூடி போட்ட மனிதர்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அறிவியல் புனைகதை எழுதிய யாரோ உருவாக்கிய சொல்லாக இருக்கும் என்றும். தேடிப் போனால் அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம்.

1868 மார்ச் 12. அயர்லாந்து பற்றிய விவாதம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அங்கே சுமார் 10 லட்சம் பேர் செத்து இருபது வருடம்கூட ஆகவில்லை. தத்துவவாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் எழுந்து, அரசின் நிலக் கொள்கைக்காரர்களை யுடோபியர்கள் என்பது அவர்களைப் புகழ்வதாகிவிடும், டிஸ்டோபியர்கள் என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார். நடக்கவே முடியாத அளவுக்கு நல்லதை யுடோபியா என்கிறோம், இவர்கள் விரும்புவதோ நடக்க முடியாத அளவுக்குக் கெட்டது என்பது அவர் வாதம். 1747-லேயே ஒரு கவிதையில் இந்தச் சொல் வேறு எழுத்துக்கூட்டலில் வந்துவிட்டது, ஆனால் ஒரு ஆட்சியைப் பார்த்து நேருக்கு நேர் சொன்னது மில்தான். எனக்கு அதுதான் முக்கியம்.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'டோபோஸ்' என்றால் இடம். 1516-ல் ஆங்கிலேய எழுத்தாளர் தாமஸ் மோர், தன் 'யுடோபியா' நூலில் வரும் கற்பனைத் தீவுக்குப் பெயர் வைக்க அதற்கு முன்னால் 'ஊ' சேர்த்தார், அப்படியென்றால் 'இல்லை'. ஆக, யுடோபியா என்பது இல்லாத இடம். 'நல்ல' என்று பொருள்படும் 'யூ'வும் அதே ஒலியில் காதில் விழும்படி வைத்த சிலேடை அது. 'டிஸ்' வேறு மாதிரி. நோய்ப் பெயர்களில் நிறைய வரும். சீதபேதிக்கான டிசென்ட்ரி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், 'டிஸ்' கூட 'என்டெரோன்', அதாவது குடல். குடல் இருக்கிறது, கெட்டுப்போய் இருக்கிறது. டிஸ்டோபியாவும் அப்படித்தான், அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் 'இல்லை' கிடையாது, இடம் இருக்கிறது, அது சீர்கெட்டிருக்கிறது. அதனால்தான் வெறும் பாழ்நிலத்தை டிஸ்டோபியா என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. அங்கே சட்டம் போடுகிறவர்கள் இருக்க வேண்டும், அந்தச் சட்டம் ஒழுங்காக அமலாக வேண்டும்.

அப்புறம் மோரின் நல்ல தீவையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தேன். தங்கத்தை மதிக்காத ஊர், மலச்சட்டியைத் தங்கத்தில் செய்கிறார்கள், படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அதே ஊரில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தன் எல்லையைத் தாண்டிப் போனவனைப் பிடித்து வந்து கடுமையாகத் தண்டிக்கிறார்கள். இரண்டாம் முறை போனால் அடிமையாக்கிவிடுகிறார்கள்.