நடு ஷாட்

சில வருடங்களுக்கு முன் ஒரு சரித்திரப் படத்தில் ஸ்பாட் எடிட்டராக, அதாவது படப்பிடிப்புத் தளத்திலேயே ஷாட்களை ஒட்டிப் பார்ப்பவனாக, இருந்தேன். வில்லன் கோட்டை மதிலிலிருந்து குதித்து ஹீரோ முன்னால் இறங்க வேண்டும். அவரைக் கயிற்றில் தொங்கவிட்டு இறக்கும் ரோப் ஷாட் எடுக்கும் நேரம் பார்த்து மழை. கிடைத்த ஒரே டேக்கில் ரோப் பளிச்சென்று தெரிந்தது. செட் வாடகை ஏறிக்கொண்டிருந்ததால் மறுநாளே பிரித்துவிட்டார்கள். "இருக்குறத வச்சு ஒட்டுப்பா" என்றார் இயக்குநர்.

அன்றிரவு சீன இயக்குநர் கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். சீனாவின் மிங் அரச காலத்துக் கதை. அரண்மனையில் பணியாற்றும், விதை நீக்கப்பட்ட அதிகாரி ஒருவனின் ஆட்கள் அப்பாவைக் கொன்றுவிட, மகள் ஒரு பாழடைந்த கோட்டையில் ஒளிந்திருக்கிறாள். படத்தில் முதல் வாள்சண்டை வரவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். இங்கே கதை சொல்லப் போனால் அந்த இடத்திலேயே எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள்.

மூங்கில் உச்சியிலிருந்து அவள் வாளோடு தலைகீழாகப் பாய்வாள். பார்த்தவர்கள் எல்லோரும் முழுப் பாய்ச்சலையும் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். நிறுத்திப் பார்த்தால் அப்படி ஒரு ஷாட்டே கிடையாது. எகிறும் உடம்பு, மூங்கில் தண்டு, கீழ்நோக்கி ஒரு கீற்று, அண்ணாந்து பார்க்கும் எதிரி. ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம். டிராம்போலினில் குதித்தவர்களை வைத்து, மீதியை கத்திரிக்கோலால் பறக்கவிட்டிருக்கிறார்.

திரையில் பத்து நிமிடம்கூட ஓடாத அந்தச் சண்டைக்கு 25 நாள் படப்பிடிப்பு. ஷாட்டுக்கு ஷாட் மூங்கிலுக்குள் வெயில் இறங்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அந்தச் சாய்வு வெளிச்சம் ஒரு நாளில் எத்தனை நேரம் நிற்கும்? 1967-இல் அவருடைய முந்தைய படம் 'டிராகன் இன்' தைவானில் பிய்த்துக்கொண்டு ஓடியதால்தான் அவருக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தைவானில் படத்தை இரண்டாக வெட்டி இரண்டு பாகமாக வெளியிட்டார்கள். 1975-இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்ப விருது கிடைத்தது முழு நீளப் படத்துக்கு. நாயகி சூ ஃபெங் பின்னாளில் தயாரிப்பாளர் ஆனார். யாராவது வந்து ஒரு சண்டைக்கு 25 நாள் கேட்டால் கொடுத்திருப்பாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

நானும் முயன்றேன். மதிலை உந்தும் கால், எட்டு ஃப்ரேம். அண்ணாந்து பார்க்கும் ஹீரோ, பத்து. பறக்கும் அங்கவஸ்திரம், ஆறு. அது வேறொரு காட்சியின் கழிவிலிருந்து எடுத்தது. பிறகு தரையில் தூசி. மறுநாள் ஃபைட் மாஸ்டர் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். "தம்பி, அந்த நடு ஷாட்ட நாம எப்ப எடுத்தோம்?"

எடுக்கவே இல்லை மாஸ்டர் என்றேன்.

நாலு மாதம் கழித்து சி.ஜி.யில் ரோப்பை அழித்து அனுப்பினார்கள். "செலவு பண்ணியாச்சு, முழுசா போட்டுடு" என்று உத்தரவு வந்தது. தியேட்டரில் வில்லன் இரண்டு விநாடி கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கிவிட்டுத்தான் இறங்கினார்.