மார்கழி நிழல்

மே 12, ஞாயிறு

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, இத்தனை வருடமாகக் கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்தது. அங்கே காய்கறித் தோட்டம் போட அனுமதி கிடைத்து, போன வாரம் சுத்தம் செய்தாயிற்று. இன்று கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தேன். வடக்கு மதிலை ஒட்டி அவரைக்கு ஏழடிப் பந்தல். உயரமானது வடக்கே இருந்தால் மற்ற பாத்திகளுக்கு நிழல் விழாது. தென்கிழக்கு மூலையில் உரக்குழி, மேற்கு ஓரம் இரண்டு முருங்கை. எனக்கே பெருமையாக இருந்தது.

மே 19, ஞாயிறு

படத்தோடு சுற்றியுள்ள ஏழு வீடுகளுக்கும் போனோம். ஐந்து வீட்டில் "நல்ல விஷயம்" என்று காபி கொடுத்தார்கள். வடக்கு வீட்டு அம்மா மட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, என் துணிக்கொடி இந்த மதில் ஓரம்தான் இருக்கு. பந்தல் போட்டா வெயில் போயிடுமே."

உச்சிவேளை. கையோடு கூட்டிப்போய் ஐந்தடிக் கழி ஒன்றை நட்டுக் காட்டினேன். ஒரு சாண்கூட இல்லாத நிழல், தெற்குப் பக்கம் விழுந்தது. "பாருங்கம்மா, உங்க பக்கம் வரவே இல்லை."

"இப்ப வராது. மார்கழியில வந்து பாரு."

மே 20

அவர் சொன்னதுதான் சரி. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பும். நடுவில் நான் எத்தனை கழி நட்டாலும் மத்தியான நிழல் தெற்கேதான். மார்கழியில் ஏழடிப் பந்தலின் நிழல் உச்சிவேளையிலேயே வடக்கே ஐந்தடிக்கு மேல் நீளும். அவரையும் அப்போதுதான் அடர்ந்து பூத்து நிற்கும். சரி, பந்தல் மதிலிலிருந்து ஆறடி தள்ளி. ஒரு பாத்தி போச்சு.

ஜூன் 2

எதிர் மாடியில் இருப்பவருக்கு இரவு வேலை, காலை பத்து வரை தூக்கம். அதனால் கடப்பாரை வேலை எல்லாம் மாலை நாலுக்கு மேல். இந்த வெயிலில் எங்களுக்கும் அதுதான் நல்லது. முருங்கையை மேற்கு வீட்டார் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவர் ஏறும், காற்றடித்தால் கிளை முறியும். வாதாட ஒன்றுமில்லை. ஒரே ஒரு மரம், இடத்தின் நடுவில்.

தண்ணீர் டிரம்முக்குத் துணிமூடி. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அதுவும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டினாற்போல. கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். இது என் முறை என்று எழுதிப் போட்டுவிட்டார்கள், என்னைக் கேட்காமலே.

ஜூன் 16

இன்றைய அசிங்கத்தை எழுதியே ஆகவேண்டும். யாரிடமும் சொல்லாமல் மீன் கழிவும் வெல்லமும் சம அளவு போட்டு செடிக்குத் தெளிக்கும் மீன் அமிலத்துக்கு ஊற வைத்திருந்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, 'எப்படி இருக்கிறது' என்று மூடியைத் திறந்தேன். மூன்று வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. பூனை மட்டும் வந்தது. வாளியை ஊருக்கு, அண்ணன் வயலுக்கு அனுப்பியாயிற்று.

அதோடு உரக்குழி மேலும் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மாதங்களில் காலையில் மேல்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று. எந்த மூலையில் வைத்தாலும் யாராவது ஒருவர் மூக்கு மாட்டும். இடத்தைவிட முறைதான் முக்கியம் என்று முடிவானது. காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்கு, ஒவ்வொரு தடவையும் மேலே சருகு. சோறும் குழம்பும் கூடவே கூடாது, பெருச்சாளிக்கு அழைப்பிதழ் அது.

ஜூலை 17, ஆடி 1

ஆடிப்பட்டம் என்று விதை போட்டாயிற்று. வெண்டை, கத்தரி, பந்தல் காலடியில் அவரை. வடக்கு வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரையா போட்டே?"

"ஆமாம்மா. ஆறடி தள்ளித்தான் இருக்கு."

"அவ்வளவு தூரத்துல வெச்சா எனக்கு எப்படிப்பா எட்டும்?"